பைத்தானில் கடைசி எண் மாறும்போது: பராமரிப்புப் பதிப்புக்கு மாற முழுமையான வழிகாட்டி

பைத்தான் 3.13.4 இருந்த இடத்தில் 3.13.5 வருகிறது. கடைசி எண் மட்டும்தானே மாறியிருக்கிறது என்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே நேராக நிறுவிவிடுகிறார்கள் புதியவர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஏதாவது ஆகிவிடும் நாளிலோ, என்ன மாறியது, எங்கே மாறியது, பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்ற மூன்று கேள்விக்கும் அவர்கள் கையில் பதில் இருக்காது.

கீழே சொல்லியிருக்கும் படிகளில் ஒன்றுகூடக் கடினமானது அல்ல. வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் இப்போதைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றப் பட்டியலைப் படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறுவ வேண்டும். முதலில் நிறுவி, உடைந்த பிறகு படிக்க உட்கார்ந்தவர்களின் பக்கத்தில் பல இரவுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

லினக்ஸ் சர்வரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். விண்டோஸும் மேக்கும் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரில் இருக்கும் அதே இயங்குதளம் கொண்ட ஒரு சோதனைக் கணினி. சர்வரில் உபுண்டு இருக்கும்போது மடிக்கணினியில் விண்டோஸை வைத்துச் சோதித்தால், பாதி விஷயங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

உங்கள் செயலிக்கான டெஸ்ட்கள். அவை இல்லையென்றால், அது அன்றாடம் வாங்கும் உண்மையான உள்ளீடுகளில் இருபது முப்பதை எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டெஸ்ட்கள் இருந்தாலும் இந்த உள்ளீடுகள் தேவைப்படும். ஏன் என்பதை எட்டாவது படியில் பார்க்கலாம்.

பழைய பதிப்பை மறுபடி நிறுவ வழி. விண்டோஸ், மேக் என்றால் பழைய நிறுவல் கோப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் அவசரப்படுத்தாத அரை நாள். வெள்ளிக்கிழமை மாலையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

1. எந்த பைத்தான் ஓடுகிறது என்பதைச் செயலியிடமே கேளுங்கள்

டெர்மினலில் பதிப்பு எண்ணைக் கேட்டால், அந்த டெர்மினலின் பாதையில் முதலில் அகப்படும் பைத்தான் பதில் சொல்லும். உங்கள் செயலி அதில்தான் ஓடுகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பின்னணிச் சேவையாக ஓடும் செயலிக்கும், கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைக்கும், நீங்கள் உள்நுழைந்திருக்கும் டெர்மினலுக்கும் பாதைகள் வேறு வேறாக இருக்கலாம்.

ஆகவே செயலி தொடங்கும் இடத்திலேயே, சிஸ் மாட்யூலில் உள்ள வெர்ஷன், எக்ஸிக்யூட்டபிள் ஆகிய இரண்டின் மதிப்பையும் லாகில் எழுதவையுங்கள். இரண்டே வரி. முதலாவது பதிப்பு எண்ணைச் சொல்லும். இரண்டாவது, அந்த பைத்தான் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று சொல்லும். மேம்படுத்தி முடித்த பிறகு, மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்று உறுதிசெய்ய இதே இரண்டு வரிகள்தான் உதவும்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றோடு வரும் பைத்தானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்த விநியோகத்தார் பழைய எண்ணிலேயே சேர்த்துவிடுவார்கள். உபுண்டு 22.04 இல் 3.10.12 என்றே எண் நிற்கும். அதன் உள்ளே அதற்குப் பின்னால் வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து ஒரு திருத்தம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள்.

அந்த பைத்தானை நீங்களே நீக்கி வேறொன்றை அதன் இடத்தில் வைக்கவும் கூடாது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பி இருக்கின்றன. உங்கள் செயலிக்குத் தனி பைத்தான் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கடைசி எண் எதை மாற்றலாம், எதை மாற்றாது

3.13.5 என்பதில் நடு எண் மாறினால் மொழியே மாறலாம்: புதிய தொடரியல் வரும், பழைய மாட்யூல்கள் போகும். கடைசி எண் மாறுவது பராமரிப்புக்காக. அதில் புதிய வசதிகள் வருவதில்லை. பிழைத்திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் மட்டுமே வரும்.

நடைமுறையில் இதற்கு இரண்டு பலன்கள். 3.13.4 க்காகத் தொகுக்கப்பட்ட சி நீட்சிகள் (சி மொழியில் எழுதி பைத்தானோடு இணைக்கும் பகுதிகள்) 3.13.5 இலும் ஓட வேண்டும். பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரில் 3.13 மட்டுமே இருப்பதால், அந்தப் பாதையும் மாறாது.

இந்த வாக்குறுதி தவறிய சமயங்களும் உண்டு. 2021 ஏப்ரலில் வந்த 3.9.3, சி நீட்சிகளுக்கான இந்தப் பொருத்தத்தைத் தெரியாமல் உடைத்துவிட்டது. அதைச் சரிசெய்யவே இரண்டு நாளில் 3.9.4 வந்தது. தவறி நடப்பது ஒரு வகை. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே பழைய நடத்தையை மாற்றுவது இன்னொரு வகை. உங்கள் கவனத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைக்குப் போக வேண்டும்.

உங்கள் பைத்தான் வரிசை (3.12, 3.13 என்று முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருக்கும் பதிப்புகள்) எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் சில காலம் முழுப் பராமரிப்பு; பிறகு, வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு முடியும்வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இந்த இரண்டாவது கட்டத்தில் மூலநிரல் மட்டுமே வெளிவரும், விண்டோஸுக்கும் மேக்குக்கும் நிறுவல் கோப்பு வராது. 3.12 வரிசையில் நிறுவல் கோப்போடு வந்த கடைசிப் பதிப்பு 2025 ஏப்ரலின் 3.12.10. விண்டோஸில் 3.12.11 ஐத் தேடித் தேடி, இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு கோப்பை நிறுவப் போன ஒருவரை நான் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

3. இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

பழைய பைத்தான் ஓடும் மெய்நிகர் சூழலுக்குள் (செயலியின் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) போய், பிப் ஃப்ரீஸ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பது துல்லியமாக அதில் இருக்கும்.

திட்டத்தில் ஏற்கெனவே ஒரு தேவைப் பட்டியல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அதில் பதிப்பு எண் இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் வரிகள் பல திட்டங்களில் உண்டு. அதை வைத்துப் புதிய சூழலை அமைத்தால், பைத்தானோடு சேர்ந்து நான்கு பேக்கேஜ்களும் புதிதாகிவிடும். பிறகு ஏதாவது உடைந்தால் குற்றவாளி யார் என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த வழிகாட்டியில் நான் பிடிவாதமாக நிற்கும் விதி இது.

அடுத்து, எடுத்து வைத்த உள்ளீடுகளைப் பழைய பைத்தானில் ஓட்டி, கிடைக்கும் வெளியீடுகளையும் சேமியுங்கள். பழைய பதிப்பை மாற்றிய பிறகு இதைச் செய்ய முடியாது. இந்தப் படி முன்னால் வருவதற்குக் காரணம் அதுதான்.

4. மாற்றப் பட்டியலைப் படியுங்கள்

பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணத் தளத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் முழு மாற்றப் பட்டியல் உண்டு. 3.13.2 இலிருந்து 3.13.5 க்குப் போகிறீர்கள் என்றால் 3, 4, 5 ஆகிய மூன்றின் பட்டியலையும் படிக்க வேண்டும். கடைசியை மட்டும் படித்துவிட்டு நடுவில் வந்ததைத் தவறவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பட்டியல் நீளமானது, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்புப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். பிறகு நூலகப் பகுதியில், உங்கள் நிரல் பயன்படுத்தும் மாட்யூல்களின் பெயரை மட்டும் தேடுங்கள். சி நீட்சி எழுதுகிறவர் என்றால் சி ஏபிஐ பகுதியையும் பாருங்கள். ஆவணம், டெஸ்ட் ஆகிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

பாதுகாப்புப் பகுதிக்கு ஏன் முதலிடம்? சாதாரணப் பிழைத்திருத்தம் தவறாக நடந்ததைச் சரியாக நடக்க வைக்கும். பாதுகாப்புத் திருத்தமோ, நேற்றுவரை சரியென்று நடந்ததையே தடுக்கலாம்.

இன்னொரு இடமும் உண்டு. அந்த வரிசையின் "புதியவை என்ன" பக்கத்தின் அடிப்பகுதியில், பராமரிப்புப் பதிப்புகளில் வந்த குறிப்பிடத்தக்க மாற்றங்களைத் தனித் தலைப்பாகச் சேர்ப்பார்கள். நடு எண் மாறியபோது ஒருமுறை படித்த பக்கம்தானே என்று யாரும் திரும்பிப் போவதில்லை. திரும்பிப் போய் அடிப்பகுதியைப் பாருங்கள்.

எப்படிப்பட்ட வரிகளைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதற்கு, உண்மையில் வந்த மாற்றங்களையே காட்டுகிறேன்.

2021 பிப்ரவரியில் வந்த 3.9.2 இல், இணைய முகவரியின் கேள்விப் பகுதியைப் பிரிக்கும் பார்ஸ் கியூஎஸ் என்ற செயற்கூறு மாறியது. அதுவரை ஆம்பர்சண்ட் (&) குறியையும் அரைப்புள்ளியையும் (;) பிரிப்பானாக ஏற்றுக்கொண்டது, 3.9.2 முதல் ஆம்பர்சண்டை மட்டும். இடையில் நிற்கும் தற்காலிகச் சேமிப்பகமும் செயலியும் ஒரே முகவரியை வேறு வேறு விதமாகப் பிரித்தால், தாக்குகிறவர் அந்த இடைவெளியில் நுழையலாம் என்பது காரணம். அரைப்புள்ளி வேண்டும் என்றால் பிரிப்பானை நாமே குறிப்பிட வேண்டும்.

2021 மே மாதத்தின் 3.9.5 இல், ஐபி முகவரிகளைக் கையாளும் மாட்யூல் முன்னால் சுழியம் போட்ட எண்களை மறுக்கத் தொடங்கியது. 192.168.010.001 என்று எழுதினால் இப்போது பிழை. காரணம், 010 என்பதைச் சில நிரல்கள் பத்து என்றும், வேறு சில எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்து எட்டு என்றும் படிக்கும். யார் உள்ளே வரலாம் என்று முடிவுசெய்யும் இடத்தில் அந்தக் குழப்பம் இருக்கக் கூடாது.

2022 செப்டம்பரில் 3.10.7, 3.9.14, 3.8.14, 3.7.14 ஆகிய நான்கும் ஒரே மாற்றத்தோடு வந்தன: 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணைப் பதின்ம எழுத்தாகவோ எழுத்திலிருந்து எண்ணாகவோ மாற்றினால் பிழை. இதை ஒன்பதாவது படியில் விரிவாகப் பார்க்கலாம்.

2023 இல் 3.11.4, 3.10.12 ஆகியவற்றில் டார் கோப்புகளை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியவை) பிரிக்கும் மாட்யூலுக்கு, ஆபத்தான உள்ளடக்கத்தைத் தடுக்கும் வடிகட்டிகள் வந்தன. அங்கே எதுவும் உடையவில்லை. நாம் கேட்டால்தான் வடிகட்டி வேலை செய்யும். ஆனால் 3.12 இல் வடிகட்டி கேட்காதவர்களுக்கு எச்சரிக்கை வந்தது, 3.14 இல் வடிகட்டியே இயல்பாகிவிட்டது. வெளியார் அனுப்பும் டார் கோப்பைப் பிரிக்கிறவர்கள், வடிகட்டி வந்த நாளிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இவற்றில் ஐபி முகவரி மாற்றம் சத்தம் போடும். பிழைச்செய்தி வரும், தேடிச் சரிசெய்துவிடலாம். அரைப்புள்ளி மாற்றம் வாயே திறக்காது. நாங்கள் பராமரித்த ஒரு பழைய அறிக்கைப் பக்கத்தின் இணைப்புகளில், பட்டியல்=விற்பனை;கிளை=மதுரை என்பதுபோல அரைப்புள்ளி இருந்தது. மேம்படுத்திய பிறகு, கிளை என்ற பெயரே காணாமல் போய், பட்டியல் என்பதன் மதிப்பு "விற்பனை;கிளை=மதுரை" என்று ஒரே துண்டாக வந்தது. அப்படி ஒரு பட்டியல் இல்லை. தெரியாத பெயர் வந்தால் எல்லாவற்றையும் காட்டு என்று யாரோ எப்போதோ நல்லெண்ணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். விளைவு, மதுரைக் கிளையின் பக்கத்தில் எல்லாக் கிளைகளின் கூட்டுத்தொகை நின்றது. லாகில் ஒரு வரி பிழை இல்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் தொகையைப் பார்த்துச் சந்தேகப்பட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது.

மாற்றப் பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: இது என் நிரலைத் தொட்டால் பிழை வருமா, அல்லது பேசாமல் வேறு விடை வருமா? இரண்டாவது வகையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. இன்றே மாறுவதா, சில நாள் பொறுப்பதா

2025 ஜூன் 3 அன்று 3.13.4 வந்தது. எட்டே நாளில், ஜூன் 11 அன்று, 3.13.5 வந்தது. விண்டோஸில் சி நீட்சிகளைத் தொகுப்பது உடைந்திருந்தது. ரேண்டம் மாட்யூலின் ஒரு செயற்கூறு, நம்பை என்ற கணக்கீட்டு நூலகம் தரும் முழு எண்களை ஏற்க மறுத்தது. இவற்றையும் இன்னும் சிலவற்றையும் சரிசெய்ய அவசரமாக வந்த பதிப்பு அது.

எனவே என் வழக்கம் இது: பாதுகாப்புப் பகுதியில் உங்கள் செயலியைத் தொடும் வரி இருந்தால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் அடுத்த எண் வராவிட்டால் மேலே போகலாம். பொறுப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

6. பழையதன் மேல் நிறுவாமல் பக்கத்தில் நிறுவுங்கள்

லினக்ஸில் பைஎன்வ் போன்ற கருவி ஒவ்வொரு பதிப்பையும் தனி ஃபோல்டரில் வைக்கும். 3.13.4 அப்படியே இருக்க, 3.13.5 பக்கத்தில் வந்து உட்காரும். திரும்பிப் போவது எளிது.

ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் மேலேயே எழுதினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் செயலி பழைய பைத்தானிலேயே ஓடும். ஆனால் அது இதுவரை தொடாத ஒரு மாட்யூலைப் புதிதாக இறக்கும்போது, வட்டிலிருந்து வருவது புதிய பதிப்பின் கோப்பு. பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடும் செயலியின் பிழைகளை யாராலும் விளக்க முடியாது.

பைஎன்வ் மூலநிரலிலிருந்து தொகுக்கும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், எல்இசட்எம்ஏ, பிஇசட்2, எஃப்எஃப்ஐ, ரீட்லைன், இசட்லிப் ஆகிய நூலகங்களின் மேம்பாட்டுப் பேக்கேஜ்கள் கணினியில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இவற்றில் சில இல்லாவிட்டாலும் தொகுப்பு வெற்றி என்றுதான் முடியும். அந்த மாட்யூல் மட்டும் உள்ளே இருக்காது. கடைசியில் வரும் எச்சரிக்கை வரியை யாரும் படிப்பதில்லை. ஒரு வாரம் கழித்து, இரவு வேலை ஒன்று எல்இசட்எம்ஏ கோப்பைத் திறக்கப் போய் விழும்.

ஆகவே நிறுவியதும் முதல் வேலையாக எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3, எல்இசட்எம்ஏ, பிஇசட்2, சிடைப்ஸ், ரீட்லைன் ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்து பாருங்கள். ஒன்று தவறினாலும் மேம்பாட்டுப் பேக்கேஜை நிறுவி மறுபடி தொகுங்கள்.

விண்டோஸிலும் மேக்கிலும் அதிகாரப்பூர்வ நிறுவி, ஒரே வரிசையின் பழைய பதிப்பை மாற்றிவிட்டு அதே இடத்தில் அமரும். பக்கத்தில் வைக்க முடியாது. பழைய நிறுவல் கோப்பை முன்பே இறக்கி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மேக்கில் நிறுவி முடித்ததும், பைத்தான் ஃபோல்டரில் இருக்கும் சான்றிதழ் நிறுவும் கோப்பை ஒருமுறை ஓட்ட வேண்டும். மறந்தால் பாதுகாப்பான இணைப்புகள் சான்றிதழ் பிழையில் நின்றுவிடும்.

7. மெய்நிகர் சூழலைப் புதிதாக அமையுங்கள்

பழைய மெய்நிகர் சூழல் 3.13.4 ஐச் சுட்டிக்கொண்டிருக்கும். புதியதை நிறுவிவிட்டதால் அது தானாக மாறிவிடும் என்று நினைப்பது தவறு. புதிய பைத்தானைக் கொண்டு, வேறு பெயரில் புதிய சூழல் ஒன்றை அமையுங்கள். மூன்றாவது படியில் சேமித்த பட்டியலிலிருந்து பேக்கேஜ்களை நிறுவுங்கள்.

பழைய சூழலை அப்படியே புதுப்பிக்கும் தெரிவும், சூழல்களை அமைக்கும் வென்வ் கருவியில் இருக்கிறது. பைத்தானை அதே இடத்தில் மேம்படுத்தியவர்களுக்கு அது பயன்படும். நமக்கு வேண்டாம், பழைய சூழல் கெடாமல் இருந்தால்தான் ஒப்பிடவும் திரும்பவும் முடியும்.

பதிப்பு எண் எழுதியிருக்கும் மற்ற இடங்களையும் இப்போதே தேடி ஒரு தாளில் எழுதுங்கள்: பைஎன்வ் படிக்கும் பதிப்புக் கோப்பு, டாக்கர் (செயலியை அதன் சூழலோடு சேர்த்துக் கட்டும் கருவி) கோப்பு, தானியங்கிச் சோதனை அமைப்பின் கோப்பு, சேவைக் கோப்பில் இருக்கும் பாதை. ஒன்று விடுபட்டாலும் சோதனை ஒரு பதிப்பிலும் நேரலை (பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சர்வர்) இன்னொரு பதிப்பிலும் ஓடும்.

8. முதலில் டெஸ்ட்கள், பிறகு வெளியீடுகளின் ஒப்பீடு

டெஸ்ட்களைப் பைத்தானின் மேம்பாட்டு முறையில் (டெவலப்மென்ட் மோட்) ஓட்டுங்கள். சாதாரணமாக மறைந்திருக்கும் எச்சரிக்கைகள் அதில் வெளியே வரும். பழைய சூழலிலும் ஒருமுறை அதே முறையில் ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால், முன்பே இருந்த எச்சரிக்கையைப் புதியது என்று நினைத்து ஒரு மணி நேரம் போகும்.

டெஸ்ட்கள் எல்லாம் பச்சை காட்டினாலும் இங்கே நிறுத்தாதீர்கள். டெஸ்ட் எழுதியவர் நினைத்துப் பார்த்ததை மட்டுமே அது சோதிக்கும். அரைப்புள்ளி இணைப்புக்கு எங்களிடம் டெஸ்ட் இல்லை. அப்படி இணைப்பு இருந்ததே பலருக்குத் தெரியாது. சேமித்து வைத்த உண்மையான உள்ளீடுகளைப் புதிய சூழலில் ஓட்டி, பழைய வெளியீடுகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பேசாமல் மாறும் நடத்தையைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி இதுதான்.

ஒப்பீட்டில் பொய் வேறுபாடுகள் வரும். நேரமும் தேதியும் அச்சாகும் வரிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். செட் வகையில் உள்ள சொற்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வரிசையில் வரலாம்; பைத்தான்ஹேஷ்சீட் என்ற சூழல் மாறிக்கு இரண்டு ஓட்டங்களிலும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அந்தச் சலசலப்பு அடங்கும்.

9. ஒரு மாற்றத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்: 4300 இலக்க வரம்பு

மேலே சொன்ன 2022 மாற்றம் இன்றைய எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. உங்கள் கணினியிலேயே செய்து பார்க்கலாம். 1000 இன் தொடர்பெருக்கத்தை (ஃபேக்டோரியல்) கணக்கிட்டு அச்சிடுங்கள். 2568 இலக்கங்கள், தடையின்றி வரும். 2000 இன் தொடர்பெருக்கத்துக்கு 5736 இலக்கங்கள். கணக்கீடு முடிந்துவிடும், அச்சிடும் இடத்தில்தான் வேல்யூ எரர் வரும். எண் நினைவகத்தில் நலமாக இருக்கிறது, பதின்ம எழுத்தாக மாறும்போது மட்டுமே தடை.

காரணம், பதின்ம எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே மாற்ற அப்போது இருந்த வழிமுறையில், இலக்கங்கள் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். லட்சக்கணக்கான இலக்கம் கொண்ட எழுத்துச்சரத்தை யாராவது உங்கள் சர்வருக்கு அனுப்பினால், அதை எண்ணாக்குவதிலேயே சர்வர் மூழ்கிவிடும். ஜேசன் வழியாக வரும் முழு எண்ணுக்கும் இதே கதைதான்.

பதினாறடி (ஹெக்ஸ்), எட்டடி (ஆக்டல்), இரும (பைனரி) எண் வடிவங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. எண்ணைச் சேமித்து வைத்துப் பிறகு படிப்பதுதான் தேவை என்றால், பதினாறடி வடிவத்துக்கு மாறிவிடுங்கள். நான் முதலில் சொல்லும் தீர்வு இது.

பதின்ம வடிவமேதான் வேண்டும் என்றால், சிஸ் மாட்யூலில் வரம்பை மாற்றும் செயற்கூறு இருக்கிறது. சூழல் மாறி வழியாகவும் மாற்றலாம். குறைந்தபட்சம் 640 வைக்கலாம். சுழியம் கொடுத்தால் வரம்பே இருக்காது. வெளியிலிருந்து உள்ளீடு வாங்கும் சர்வரில் சுழியம் வைக்காதீர்கள். தேவைக்குச் சற்று மேலே ஒரு எண்ணை வையுங்கள். இந்த அமைப்பு முழுச் செயலிக்கும் பொருந்தும் என்பதால், பிறர் பயன்படுத்தும் நூலகத்துக்குள் இதைத் தொடக் கூடாது. செயலியின் தொடக்கத்தில் மட்டும் செய்யுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, வருவது வேல்யூ எரர். "எண் அல்லாததைக் கொடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்வதற்காக அதே பிழையைப் பிடித்து வைத்திருக்கும் நிரல்கள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில், சரியான நீண்ட எண்ணைக் கொடுத்தவருக்கும் "எண் அல்ல" என்ற பதில்தான் போகும். சத்தம் போட வேண்டிய மாற்றத்தை நாமே வாயைப் பொத்திவிடுகிறோம். பிழையைப் பிடிக்கும் இடங்களில் மூலச் செய்தியையும் லாகில் எழுதுங்கள்.

இரண்டாவது, இந்த வசதி இருக்கிறதா என்று அறியப் பதிப்பு எண்ணை ஒப்பிடாதீர்கள். முதல் படியில் சொன்னபடி, எண் மாறாமலே திருத்தம் உள்ளே வந்திருக்கலாம். அந்தச் செயற்கூறு சிஸ் மாட்யூலில் இருக்கிறதா என்று ஹேஸ்ஆட்டர் என்ற செயற்கூறு மூலம் நேரடியாகக் கேளுங்கள். டார் வடிகட்டிக்கும் இதுவே முறை.

10. நேரலைக்குக் கொண்டுபோவது

பல சர்வர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். இரவு வேலைகளும் மாதாந்திர அறிக்கைகளும் பகலில் ஓடாது. அவற்றைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சூழலை மாற்றியதும் செயலி, பின்னணிப் பணியாளர்கள், நேரப்படி ஓடும் வேலைகள் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்யுங்கள். இணையச் செயலியை மட்டும் மறுதொடக்கம் செய்துவிட்டு, பின்னணிப் பணியாளர்களை நாட்கணக்கில் பழைய பைத்தானிலேயே ஓடவிட்டவர்கள் உண்டு. லாகில் அந்த இரண்டு வரிகள் இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

டாக்கர் பயன்படுத்துகிறவர்கள், 3.13-ஸ்லிம் என்று மட்டும் குறிச்சொல் எழுதியிருந்தால் எந்த 3.13 வரும் என்பது நீங்கள் இமேஜைக் கட்டும் நாளைப் பொறுத்தது. புதிய டெபியன் வெளியானால் அடியில் இருக்கும் இயங்குதளமே மாறிவிடலாம். 3.13.5-ஸ்லிம்-புக்வார்ம் என்பதுபோல முழுதாக எழுதுங்கள். அப்போதுதான் மாற்றம் நடக்கும் நாளை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

11. திரும்பும் வழியும், பழையதை நீக்குவதும்

ஏதாவது தவறினால் சேவைக் கோப்பில் பழைய சூழலின் பாதையை வைத்து மறுதொடக்கம் செய்தால் போதும். பழைய பைத்தான், பழைய சூழல் இரண்டும் அப்படியே இருப்பதால் இது ஒரு நிமிட வேலை. நேரலைக்குப் போகும் முன் இதை ஒருமுறை சோதனைக் கணினியில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

மாத இறுதி வேலைகள் ஒருமுறை ஓடி முடியும்வரை பழையதை வைத்திருங்கள். நீக்கும் முன், கணினியில் இருக்கும் எல்லா மெய்நிகர் சூழல்களிலும் பைவென்வ் என்ற பெயரில் இருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஹோம் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். எந்த பைத்தானைச் சுட்டுகிறது என்பது அதில் இருக்கும். வேறொருவரின் சூழல் ஏதாவது இன்னும் 3.13.4 ஐச் சுட்டினால் அவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். ஒன்றும் சுட்டவில்லை என்று தெரிந்த பிறகு 3.13.4 ஃபோல்டரை நீக்கலாம்.